மூன்று ஜோடிச் செருப்பு

வேந்தனின் கால்கள்தான் மித்ராவை நிம்மதியாக உட்கார விடவில்லை. போலீஸ் ஜீப்புக்குப் பக்கத்தில், நிழல் என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லாத இடத்தில், அவன் வெறுங்காலோடு நின்றான். தார் சுடுகிறது போலும். ஒரு பாதத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக்கொள்வான், கொஞ்ச நேரத்தில் மாற்றிக்கொள்வான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. வேறொரு நாளாக இருந்தால் கொக்கு என்று கூப்பிட்டிருப்பாள். அவன் செருப்பு தொலைந்து போய்விடவில்லை. அதோ, அந்தக் காலி குவார்ட்டர்ஸ் வாசல்படியில்தான் கிடக்கிறது, வார் அறுந்து ஊக்கு குத்தின நீல ரப்பர் செருப்பு. பக்கத்தில் அவளுடைய பழுப்புச் செருப்பு. அதற்கும் பக்கத்தில் ஆஃப்ரீனுடைய பூப்போட்டது. நேற்று மூன்று பேரும் கழற்றி வைத்தபடியே, முனை கதவைப் பார்க்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி ஒழுங்காக. யாரும் தொடக் கூடாது, அது சாட்சி என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார். சாட்சிதான், யார் இல்லை என்றது? ஆளில்லாத தெருவில், சனமெல்லாம் காலி செய்துகொண்டு போன பிளாக்கில், ஒரே ஒரு வீட்டு வாசலில் மட்டும் மூன்று ஜோடிச் செருப்பு இருப்பதைப் பார்த்துத்தானே செக்யூரிட்டிக்காரர் நேற்று மத்தியானம் சைக்கிளை நிறுத்தினார். திருட வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டா உள்ளே போவார்கள்? இந்தக் கேள்வியை நேற்று ராத்திரி முழுக்க அவள் மனசுக்குள் யார் யாரிடமோ கேட்டுவிட்டாள், சமயத்தில் கையை வேறு ஆட்டிக்கொண்டு. ஸ்டேஷனில் மட்டும் வாய் வரவில்லை. அங்கே ரைட்டர் எழுதினதைத் திரும்ப வாசித்தார், குற்றமுறு அத்துமீறல் என்று. அப்படி ஒரு வார்த்தையை அவள் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. குற்றமுறு. குற்றமுறு. சோற்றில் கல் கடிபட்ட மாதிரி அது பல்லிடுக்கிலேயே நின்றது. பிறந்து வளர்ந்த வீடு, தவழ்ந்த தரை, அம்மை போட்டு வேப்பிலை மேல் படுத்துக் கிடந்த ரூம், அதில் அவள் அத்துமீறியிருக்கிறாளாம். "இது எங்க வீடு சார்," என்றுதான் முதலில் செக்யூரிட்டியிடம் சொன்னாள். அந்த ஆள் சிரித்துவிட்டார். "வீடு உங்களுதா? கம்பெனிதும்மா. நீங்க காலி பண்ணிட்டுப் போயி மாசம் எத்தினி ஆச்சு?" அவர் சிரித்ததில் தப்பில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கிறுக்கு உண்டு. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கின வீடு, அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டிய வீடு என்பது கடைசி வரைக்கும் மண்டையில் ஏறாது.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மித்ராவுக்கு நிஜமாகவே மடியில்தான் கனம். சுடிதார் நாடாவில் இரண்டு சுற்றுச் சுற்றி இடுப்பெலும்புக்கு மேலே செருகியிருந்த பித்தளைச் சாவி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் குத்தியது. இவ்வளவு சின்னச் சாமான் இவ்வளவு கனக்குமா? வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைத்தால் அம்மா கண்ணில் படும். தூக்கிப் போடலாம் என்று விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போய்க் கையை ஓங்கியும் ஆயிற்று, விரல் விடவில்லை. சாவியின் தலையில் அம்மா வைத்த சிவப்பு நகப்பாலீஷ் பொட்டு இருக்கிறது, பாதி உரிந்து போய். இரண்டு சாவியில் எது அப்பாவுடையது எது வீட்டுடையது என்று தெரியவேண்டுமாம். காலி செய்தபோது பொட்டு வைத்த சாவி அகப்படவில்லை. அப்பாவும், குவார்ட்டர்ஸ் வீடுகளைக் கவனிக்கிற எஸ்டேட் ஆபீஸ் பழமலை மாமாவும் ஒரே செட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அதனால் ஒரு சாவியை வாங்கிக்கொண்டு இரண்டும் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கெடச்சா குடுத்துரு குணா என்றார் மாமா. புது வீட்டுக்குப் போன மறுவாரமே தையல் மெஷின் டிராயரில் கிடைத்தது. நாளைக்குக் குடுத்துர்றேன் என்று அப்பா சொன்னார், சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார், அத்தோடு சரி. நாளைக்கு என்பது எப்போதும் நாளைக்குத்தான் இருக்கும். அந்த ஆணியிலிருந்துதான் அவள் எடுத்தாள், யாரையும் கேட்காமல். கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று இல்லை, கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. நம்ம வீட்டுச் சாவிக்கு யாரைக் கேட்பது? இப்போது அந்தச் சாவியைப் பற்றித்தான் எல்லாரும் பேசாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதவு எப்படித் திறந்தது, அதுதான் கேஸே. வேந்தன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறான், அவன் பையில் ஒரு அரம் இருந்தது, படிக்கிறவன் பையில் படிக்கிற சாமான் இருக்காமல் வேறு என்ன இருக்கும், ஆனால் எஸ்.ஐ. அந்த அரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த விதமே சரியில்லை. சுற்றுப்பட்ட காலி வீடுகளிலெல்லாம் குழாயும் ஒயரும் திருட்டுப் போகிறதாம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். பதினெட்டு வயசு முடிந்த ஆள், பக்கத்துக் கிராமத்து ஆள்.

"உன் பேரு கேஸ்லயே வராதும்மா," என்றார் எஸ்.ஐ., காலையில் ஸ்டேஷனில், நல்ல மனுஷர் போலத்தான். "நீ மைனரு. உங்கப்பா கம்பெனி ஸ்டாஃபு. பழைய வீட்டப் பாக்கலாம்னு வந்த. கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ள பாத்தா இந்தப் பையன். அவ்ளோதான. அத மட்டும் சொல்லிட்டுப் போயிரு."

அப்பா தலையை ஆட்டினார். ஆஃப்ரீனுடைய அத்தா நேற்றே வந்து, என் பொண்ணு நோட்டு குடுக்கப் போனா, கதவ யாரு தொறந்தாங்கன்னு அவளுக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அது பொய்யும் இல்லை. ஆஃப்ரீன் பிந்தித்தான் வந்தாள். ஆக மிச்சம் இருப்பது மித்ராவின் வாய் ஒன்றுதான். ஒரு வாக்கியம். பரீட்சையில் ஒரு மார்க் கேள்விக்கு எழுதுகிற நீளம்கூட இல்லை. கதவு திறந்து கிடந்தது. எழுவாய் கதவு. அது பாட்டுக்குத் திறந்து கிடந்தது, யாரும் ஒன்றும் செய்யவில்லை, காற்று வந்தது, கதவு திறந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பழமலை மாமா கம்பெனிச் சாவியோடு வருவார், கதவைத் திறப்பார்கள், நேற்று செக்யூரிட்டி இவர்களை வெளியே இழுத்த வேகத்தில் படாரென்று தானே பூட்டிக்கொண்ட கதவு. உள்ளே என்ன போச்சு என்ன இருக்கு என்று மகஜர் எழுதுவார்கள், பிறகு அவளைக் கேட்பார்கள். அதுவரைக்கும் அவள் இந்தத் தண்ணீர்த்தொட்டி மூடிமேல் பாதாம் மர நிழலில் உட்கார்ந்திருக்கலாம். நிழல் இருக்கிறது அவளுக்கு. வேந்தன் காலை மாற்றிக்கொண்டான்.

ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். இன்னொரு குழாய் எட்டு மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் ஒரே சமயத்தில் திறந்தால்? நேற்று அந்தக் கணக்கில்தான் நின்றார்கள். சமையல்கட்டுத் தரையில் பாய் விரித்து, அவள் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள், அவன் பென்சிலைக் கடித்துக்கொண்டு, எந்தக் கிறுக்கன் ரெண்டையும் ஒண்ணாத் தொறப்பான், அத மொதல்ல சொல்லு என்றான், ஆஃப்ரீன் சிரித்துப் புரையேறினாள், அப்போதுதான் ஜன்னலில் தொப்பி தெரிந்தது. விடை நேற்றிலிருந்து வரவில்லை. ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, கழித்தால், கழித்தால் என்று அங்கேயே சுற்றுகிறது. செக்குமாடாவது எண்ணெய் தரும். அவனுக்கு அப்ரண்டிஸ் பரீட்சை இருக்கிறது, இதே கம்பெனியில். ஃபிட்டர் வேலையெல்லாம் கை தானாகச் செய்யும், கணக்கு மட்டும் வராது. டியூஷன் சென்டர் வாசலில் அவனும் ஆஃப்ரீன் அண்ணனும் பேசிக்கொண்டிருந்தபோது இவள்தான் முந்திரிக்கொட்டையாகப் போய், நான் சொல்லித்தரேன் என்றாள். எங்கே வைத்துச் சொல்லித்தருவது? புது வீடு என்பது ஒரு ஹால், ஒரு ரூம், ஓயாத டி.வி., மத்தியானமானால் கரண்ட் கிடையாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அப்பா கட்டினார், வளை என்னவோ எலிக்குத்தான் சரியாக இருக்கிறது. எங்க பழைய வீடு சும்மாதான கெடக்கு, அங்க வாங்க. சொன்னது யார்? மித்ரா. சாவியை ஆணியிலிருந்து எடுத்தது யார்? மித்ரா. அவன் முதல் நாள் வாசலிலேயே தயங்கினான், யாருனா கேட்டா என்றான். கேட்டா எங்க வீடுன்னு சொல்லு என்றாள், என்னவோ மகாராணி மாதிரி. அவன் சிரித்துக்கொண்டே, அப்பிடிப் பாத்தா கம்பெனி எடுக்கறதுக்கு முந்தி எங்க தாத்தா முந்திரித் தோப்பே இங்கதான் எங்கியோ இருந்துச்சாம், உங்க பாத்ரூம் கிட்ட இருக்கும்னு வெச்சுக்க என்றான். தெரியுமா நிஜமா என்று கேட்டாள். யாருக்குத் தெரியும், குத்துமதிப்பா ஒரு எடத்தக் காட்டுவாரு, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற வேற எடம். அதற்குப் பிறகு செருப்பைக் கழற்றி, அவள் செருப்புக்குப் பக்கத்தில் சரியாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். சாமி ரூம் எதுன்னு சொல்லு, அங்க கால் நீட்டக் கூடாது என்றான். குற்றமுறு அத்துமீறல்.

மொபெட் சத்தம் கேட்டது. பழமலை மாமா வந்து இறங்கினார். வழக்கமாக, என்னா டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர் இன்று அவள் பக்கமே திரும்பவில்லை, நேராக அப்பாவிடம் போனார். அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து நேரே ஸ்டேஷனுக்கு வந்தவர், சுரங்கத்துக் கரித்தூசி அப்பின கனத்த சேஃப்டி ஷூ கூட மாற்றவில்லை. நேற்று ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன்னால்தான் அது நடந்தது. அது என்றால், அந்த வார்த்தை. அம்மா அடித்துவிட்டு அழுது ஓய்ந்திருந்தாள். பூட்டின வூட்ல பையனோட இருந்தான்னு ஊரே பேசும்டி, நீ வாயத் தொறக்காத, அவங்க என்ன சொல்றாங்களோ அத சொல்லு. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், பிசைந்து பிசைந்து அது கூழாகப் போனது, பிறகு தட்டைப் பார்த்தபடியே, "அந்தச் சாவி எங்க இருக்கு பாப்பா?" என்று கேட்டார். "எங்கியோ வுழுந்துருச்சுப்பா," என்றாள், ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போதும் தெரியவில்லை. அப்பா, "நல்லதாப் போச்சு," என்றார். நல்லதாப் போச்சு. அவ்வளவுதான், கையைக் கழுவப் போய்விட்டார். ராத்திரி மின்விசிறி சுற்றும்போதெல்லாம் அது நல்லதாப் போச்சு நல்லதாப் போச்சு என்றே சுற்றியது. அப்பா கெட்டவர் இல்லை. ஐயோ, அதைச் சொல்லிக்கொள்ள வேண்டியதாகவே இருக்கிறதே. சங்கத்துக் கொடி பிடித்து கேட் வாசலில் வெயிலில் உட்கார்ந்தவர், அவள் பெயரைச் சங்கமித்ரை என்று வைத்து, அர்த்தம் சொல்லிச் சொல்லி வளர்த்தவர், காண்ட்ராக்ட் பையன் ஒருத்தனுக்குக் கை போனபோது ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவர். ஆனால் அவருக்கு இன்னும் கொஞ்ச நாளில் ரிட்டயர்மெண்ட். கடைசி மாசத்தில் மெமோ வாங்கினவர்கள் கதை இந்த டவுன்ஷிப்பில் சோறு ஊட்டும்போதே சொல்லப்படும். சுப்பராயலு மாமா ஏதோ ஸ்டோர் சாமான் கணக்கில் மாட்டி, விசாரணை விசாரணை என்று அலைந்து, கடைசியில் ஆபீஸ் படியிலேயே மயங்கி விழுந்தார். இரண்டு சாவியும் ஒப்படைத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்திருந்தவருக்கு, அந்தச் சாவியாலேயே போலீஸ் கேஸ் வந்தவருக்கு, என்ன பெயர் வைப்பார்கள்? பழமலை மாமாவும் சேர்ந்து போவார். அவர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஒரு பக்கம் இரண்டு பெரியவர்கள், ஒரு பக்கம் வெறுங்காலோடு ஒருத்தன். தராசு பிடிக்க அவள் யார்? ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று.

"சாவிய எடுங்க," என்றார் எஸ்.ஐ.

மாமா படியேறினார், செருப்புகளைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவில் சாவியை நுழைத்தார். திருப்பினார். திரும்பவில்லை. எடுத்து ஊதிவிட்டு மறுபடி நுழைத்தார். திரும்பவில்லை. "வேற சாவி எடுத்தாந்துட்டீங்களா?" என்றார் எஸ்.ஐ. "இல்லீங்க, நம்பர் போட்டிருக்கு பாருங்க," என்றார் மாமா. செக்யூரிட்டிக்காரர், குடுங்க சார் நான் பாக்குறேன் என்று வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கதவு அசையவில்லை. மித்ராவுக்குத் தெரியும். அந்தக் கதவு சாவிக்குத் திறக்காது. அது எந்தக் காலத்திலோ மழையில் ஊறிக் கீல் இறங்கின கதவு. கைப்பிடியை இடது கையால் மேலே தூக்கவேண்டும், வலது முழங்காலால் ஒரு இடத்தில் முட்டவேண்டும், அப்புறம் திருப்பவேண்டும், மூன்றும் ஒரே மூச்சில். தூக்கு, முட்டு, திருப்பு. சிவில் செக்‌ஷனுக்கு எத்தனையோ தடவை எழுதிப் போட்டும் ஆள் வரவில்லை, கடைசியில் வீடே அந்தக் கதவுக்குப் பழகிக்கொண்டது. அம்மா கையில் காய்கறிப் பையோடு முட்டுவாள், அவள் ஸ்கூல் பையோடு முட்டுவாள், வருகிற சொந்தக்காரர்கள், என்னாடி இது உங்க வூட்டுக் கதவு மாடு மாதிரி உதச்சாத்தான் தொறக்குமா என்பார்கள். முட்டி முட்டி அந்த இடத்தில் பெயிண்ட் போய், உள்ளங்கை அகலத்துக்கு மரம் வழவழவென்று தெரிகிறது. இங்கிருந்தே தெரிகிறது. யார் கண்ணுக்கும் படவில்லை. இந்த இடத்தில் இந்தக் கதவைத் திறக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் நிற்கிறார்கள், மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியும். வேந்தனுக்குத் தெரியும், அவள்தான் சொல்லிக் கொடுத்தாள், கதவுக்கே முட்டி போடணுமா, நல்ல வூடு என்று சிரித்தானே. அப்பாவுக்குத் தெரியும். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா செக்யூரிட்டிக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் அப்பாவின் வலது முழங்கால் பேண்டுக்குள் லேசாக மடங்கியது. அவருக்கே தெரியாமல். மடங்கியது, நிமிர்ந்தது. முகம் மட்டும் கல்லாக இருந்தது.

"பாத்தீங்களா," என்றார் எஸ்.ஐ., ஒரு மாதிரி சந்தோஷத்தோடு. "கம்பெனி சாவிக்கே தொறக்க மாட்டேங்குது. தொர ஒத்தை அரத்த வெச்சுக்கிட்டுத் தொறந்துருக்காரு. டேய், எத்தினி வூடுடா இது மாதிரி?"

"கதவு தொறந்துருந்துச்சு சார்," என்றான் வேந்தன். நேற்றிலிருந்து இதையேதான் சொல்கிறான். அறை வாங்கினபோதும் இதையேதான் சொன்னான், அவள் அடுத்த அறையில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள், அறைச் சத்தம் முதலில் வந்தது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வந்தது. சாவி அவகிட்ட இருக்கு என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அவளைக் காப்பாற்றவா? அப்படி நினைக்க ஒரு நொடி இனித்தது, அந்த இனிப்பின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. இல்லை, சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி ஸ்டாஃப் மகள் சாவி வைத்திருந்தாள் என்று கிராமத்துப் பையன் சொன்னால் இரண்டாவது அறைதான் விழும். சொல்லவேண்டியவள் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறான். இவ்வளவு நேரத்தில் அவன் ஒரு தடவைகூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. பார்த்திருந்தால் கோபமாவது வந்திருக்கும், கோபத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கடப்பாறை எடுத்துட்டு வாய்யா," என்றார் எஸ்.ஐ. "ஒடச்சிரு. பூட்டு ஒடஞ்சதாவே எழுதிக்கலாம்."

செக்யூரிட்டிக்காரர் சாவியை உருவி மாமா கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். சப் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளித்தான். போக, எடுக்க, வர. சுரங்கத்துப் பக்கமிருந்து இரைச்சல் வந்துகொண்டே இருந்தது, இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது நின்றால்தான் காது வலிக்கும். சுரங்கம் நெருங்குகிறது, அதனால்தான் பிளாக்கைக் காலி செய்கிறார்கள், கொஞ்ச நாளில் கதவு, படி, பாதாம் மரம், வேந்தனின் தாத்தா குத்துமதிப்பாகக் காட்டுகிற தோப்பு எல்லாம் ஒரே பள்ளம். உடைந்தால் என்ன, எப்படியும் உடையப் போகிறதுதானே? அவள் மனசு அதையும் சொல்லிப் பார்த்தது. சொல்லும்போதே கடப்பாறை மரத்தில் இறங்குகிற சத்தம் முதுகுத்தண்டில் கேட்டது. இந்தப் படியில்தான் அப்பா ஷிஃப்ட் முடித்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார். ஒன்று விழும் தொம்மென்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இரண்டாவது சத்தம் கேட்டால்தான் அம்மா டீயை இறக்குவாள். ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிட்ட நாளில் மித்ரா ஓடிப் போய்ப் பார்த்தால் அப்பா ஒரு ஷூவோடு சுவரில் சாய்ந்து தூங்கியிருப்பார். மெமோ வந்தால் அப்பா எப்படி இருப்பார்? சுப்பராயலு மாமா மாதிரி கையில் ஒரு பையோடு. அம்மா சோறு போடாமல் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எல்லாம் உன்னாலடி. அது ஒரு பக்கம். இந்தப் பக்கம் வேந்தன், பரீட்சை எழுதுவான், பாஸ்கூடச் செய்வான், போலீஸ் வெரிஃபிகேஷன் என்று ஒன்று வரும், அங்கே குற்றமுறு நிற்கும். கதவு திறந்து கிடந்தது. ஒரு வாக்கியம். கதவு திறந்து கிடந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், சோறு சாப்பிட்டு, நர்ஸிங் காலேஜில் சேர்ந்து, ஒரு நாள் பஸ்ஸில் அவனைப் பார்த்தால்? அவன் அப்போதும் பார்க்க மாட்டான். அந்தப் பஸ்ஸை நினைத்ததும்தான் அவளுக்கு நிஜமான பயம் வந்தது. இதுவரைக்கும் இருந்ததெல்லாம் நடுக்கம், பயம் இதுதான். அதோ சைக்கிள் மணி. கடப்பாறை ஹேண்டில்பாரில் குறுக்கே இருந்தது, வெயிலில் பளபளத்தது. கழித்தால், இருபத்துநாலில் ஒன்று. இருபத்துநாலு மணி நேரம். சம்பந்தமே இல்லாமல் விடை வந்து நின்றது. ரொம்பும். ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தாலும், நேரம் பிடித்தாலும், தொட்டி ரொம்பும். இதை அவனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தாள், எழுந்துவிட்டிருந்தாள்.

சுவரைப் பார்த்துத் திரும்பி நாடாவை அவிழ்த்தாள். சாவி உடம்புச் சூட்டோடு கையில் வந்தது. படியில் அம்மாவின் செருப்பைக் கழற்றினாள், அவளுடையது சாட்சியாக இருக்கிறதே. யாரோ, ஏம்மா என்றார்கள். இடது கை கைப்பிடியைத் தூக்கியது, முழங்கால் வழவழப்பான இடத்தைத் தானே கண்டுபிடித்தது, சாவி திரும்பியது. கதவு எப்போதும் முனகுகிற மாதிரி ஒரு முனகு முனகிவிட்டுத் திறந்தது. உள்ளே சமையல்கட்டில் பாய், நோட்டு, தண்ணீர் பாட்டில், அவன் கடித்த பென்சில். குழாயெல்லாம் அதது இடத்தில் இருந்தது.

"இப்பிடித்தான் சார் தொறந்தேன்," என்றாள். "நான்தான். அவன் வர மாட்டேன்னுதான் சொன்னான், நான்தான் கூட்டியாந்தேன்."

எஸ்.ஐ. அவள் கையிலிருந்த சாவியை வாங்கி, பழமலை மாமா கையிலிருந்ததோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒப்படச்சாச்சுன்னு சொன்னாங்களே. இது ஏது?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, இத்தனை நேரம் ஒத்திகை பார்த்த பதில், தெருவில் கிடந்தது, நான் திருடினேன், நானே செய்தேன், எது வேண்டுமானாலும். கண்ணீர்தான் வந்தது. அவள் அப்பாவைப் பார்க்கப் பயந்து படியைப் பார்த்தாள். படியில் கரித்தூசி அப்பின இரண்டு ஷூ வந்து நின்றது. அப்பா உட்கார்ந்தார். பழமலை மாமா மெதுவாக, "குணா, வேணாம்யா, யோசி," என்றார். அப்பா வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். இடதில் முடிச்சு விழுந்திருந்தது, நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார், அது வர நேரம் பிடித்தது. எஸ்.ஐ. உட்பட எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று விழுந்தது தொம்மென்று. பிறகு இன்னொன்று. இரண்டையும் எடுத்து நீலச் செருப்புக்குப் பக்கத்தில் சரியாக வைத்தார், முனை கதவைப் பார்க்க.

"வூட்டுச் சாவி சார். நான் குடுக்காம வெச்சிருந்தது," என்றார் அப்பா. "பழமலைக்குத் தெரியாது. நான் ரெண்டுன்னேன், நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. எழுதிக்குங்க." பிறகு எழுந்து ஜீப் பக்கம் திரும்பினார். நேற்றிலிருந்து அவனிடம் அவர் பேசுகிற முதல் பேச்சு அது.

"வாப்பா. வந்து செருப்பப் போடு. கால் வெந்துரும்."

வேந்தன் எஸ்.ஐ.யைப் பார்த்தான். எஸ்.ஐ. கையிலிருந்த இரண்டு சாவியையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மெதுவாக, சுடுகிற இடமெல்லாம் தெரிந்தவன் மாதிரி அடி வைத்துப் படிவரைக்கும் வந்தான். செருப்பைப் போடவில்லை. கதவு திறந்திருந்ததால் உள்ளே போகவேண்டியிருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, படியின் ஓரத்து நிழலில் இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.